அளவு ஜாக்கெட்

நம்மூர்த் தையற்கடையில் 36 என்று சொன்னால் அது அங்குலம். இஞ்சி டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்தால் 36இல் வந்து நிற்கும். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பழைய அமெரிக்கப் பேட்டர்ன் உறையில் 14 என்று அச்சடித்திருந்தால் அது அங்குலமில்லை, சென்டிமீட்டரில்லை, போடுகிறவளின் வயதுமில்லை. கம்பெனிக்காரன் வைத்த ஓர் அடையாளம், அவ்வளவுதான். 1940களின் உறையில் 14 என்றால் மார்பு 32 அங்குலம். 1950களின் கடைசியில் அதே 14க்கு 34. 1960களின் கடைசியில் பேட்டர்ன் கம்பெனிகள் அளவுகளை மாற்றி அமைத்தபோது 36. பெண்கள் யாரும் இதற்காகப் பெருக்கவோ இளைக்கவோ இல்லை. எண்தான் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பழைய பேட்டர்ன் வாங்கித் தைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். என் அக்கா மகளும் சறுக்கினாள். திருவனந்தபுரத்தில் படிக்கிறவள், கைச்செலவுக் காசைச் சேர்த்துவைத்து வெளிநாட்டிலிருந்து ஓர் உறையை வரவழைத்திருந்தாள். இடுப்பில் ஒடுங்கிக் கீழே குடை மாதிரி விரிகிற கவுன். "சித்தி, கடையில எனக்கு பதினாலுதான் எடுக்கேன். இது மட்டும் ஏன் மூச்சு முட்டுது?"

"கட்டஞ்சாயாவ ஊத்து மக்ளே. உறையைத் திருப்பிப் பாரு, முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காத."

உறையின் பின்பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும்: மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ்ச் சுற்று. எண்ணை விட்டுவிட்டு அந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும். பக்கத்திலேயே எவ்வளவு துணி என்று போட்டிருப்பான். 35 அல்லது 36 அங்குல அகலத்துக்கு இவ்வளவு, 39க்கு இவ்வளவு என்று. அந்தக் காலத்துப் பருத்தி அந்த அகலத்தில்தான் வந்தது. நம்ம ஜாக்கெட் துணி டூ பை டூ இன்றைக்கும் ஏறக்குறைய அந்த அகலந்தான். 44 அங்குலத் துணியில் அந்தப் பேட்டர்னைப் பரப்பினால் கணக்கு மாறும், துணி மிஞ்சும். மிஞ்சினால் நல்லது, கைக்கு ஒட்டுப் போட உதவும்.

இந்த உறைகள் எங்கிருந்து கிளம்பின? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூர், 1863ஆம் வருஷம், எபெனேசர் பட்டரிக் என்ற தையற்காரர். பிள்ளைக்குச் சட்டை தைக்க உட்கார்ந்த மனைவி, சரியான அளவில் ஒரு மாதிரி வெட்டு கிடைத்தால் எவ்வளவு சௌகரியம் என்று அலுத்துக்கொண்டாராம். அதிலிருந்து தொடங்கியது என்று அந்தக் கம்பெனியே கதை சொல்லும். அவருக்கு முன்னாலும் பத்திரிகைகளில் மாதிரி வெட்டுகள் வந்தன. ஆனால் ஒரே அளவு. உன் உடம்புக்கு நீயே கூட்டிக் குறைத்துக்கொள். பட்டரிக் செய்த காரியம், ஒரே சட்டையைச் சின்னது பெரியது என்று அளவு வாரியாகக் காகிதத்தில் வெட்டி விற்றது. முதலில் ஆண்களுக்கும் பையன்களுக்கும், பிறகு பெண்களுக்கு.

மனைவிக்காகக் கண்டுபிடித்தது என்ற கதை தையலுலகத்தில் இன்னொன்றும் உண்டு. 1924இல் டெல்லியில் ஓர் இளைஞர் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டார். சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன், திருவனந்தபுரம் ஜில்லாவின் நெய்யாற்றங்கரைக்காரர். பிற்காலத்தில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர். ஐசக் சிங்கர் பல பெண்களோடு குடித்தனம் நடத்தி இருபதுக்கு மேல் பிள்ளை பெற்றவர் என்பது காந்தியின் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. மெஷின் நல்ல மெஷின், அதை விடுங்கள்.

உறையைத் திறப்போம். உள்ளே இருப்பது வெங்காயத் தோல் போன்ற மெல்லிய காகிதம். மிகப் பழையதாக இருந்தால் அதில் ஒரு எழுத்துக்கூட அச்சடித்திருக்காது. துளைகள் மட்டும். பெரிய துளை, சிறிய துளை, ஓரத்தில் முக்கோண வெட்டு. வரிசையாக நிற்கும் பெரிய துளைகள் பெரும்பாலும் பாவு நூல் ஓடும் திசையைக் காட்டும். உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் எங்கே பிடிக்க வேண்டும் என்பதைச் சிறு துளைகள் காட்டும். கம்பெனிக்குக் கம்பெனி இந்தத் துளைமொழி மாறும் என்பதால், கூடவே மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாள் இல்லாத உறையை அதிக விலை கொடுத்து வாங்காதீர்கள். மெக்கால் கம்பெனி 1920களின் தொடக்கத்தில் கோடும் எழுத்தும் அச்சிட்ட பேட்டர்னைக் கொண்டுவந்தது. வோக் மாதிரி சில கம்பெனிகள் 1950கள் வரையிலும் துளைக்காகிதத்தையே விற்றுக்கொண்டிருந்தன. ஆகவே அச்சு இல்லாததால் மட்டும் அதைப் புராதனம் என்று நம்பிவிட வேண்டாம்.

தையலுக்கு விடும் துணி சேர்ந்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. பிற்கால அமெரிக்கப் பேட்டர்ன்களில் 5 நூல், அதாவது அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஐந்து, சேர்த்தே வெட்டியிருப்பான். அதற்கு முந்தியவற்றில் ஒரு நிலையில்லை. சிலதில் 3 நூல், சிலதில் 4. ஜெர்மனியில் எனே புர்டா என்ற அம்மாள் 1950இல் தொடங்கிய பத்திரிகையோடு வருகிற பேட்டர்ன் தாளில் தையலுக்கு ஒன்றும் விட்டிருக்காது. நாமே சேர்க்க வேண்டும். அந்தத் தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து உடுப்பின் கோடுகள் ஓடும். நம் கோட்டை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டே போய்ப் படியெடுக்க வேண்டும். முதல் தடவை தலை சுற்றும்.

எது எப்படி இருந்தாலும் மூலத்தில் கத்தரி வைக்கக் கூடாது. பிரவுன் ஷீட்டில் படியெடுத்து, படியை வெட்டுங்கள். மூலத்தை வந்த மடிப்பிலேயே மடித்து உறையில் திரும்ப வையுங்கள். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் இந்தக் காகிதங்களுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. கொஞ்சம் கவனக்குறைவானாலும் கிழிந்துபோகிற இதற்கு மனிதர்கள் அவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள்.

சரி. இதெல்லாம் வாங்கிச் சேர்க்கிற சமாச்சாரம். நான் சொல்ல வந்தது வேறு.

நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது போனக்காட்டில், அக்கா வீட்டு லயத்துத் திண்ணையில். விதுரா வழியாக மலையேறும் பஸ் கடைசியில் வந்து நிற்கிற இடம் போனக்காடு. அகஸ்தியர்கூடத்துக்கு நடக்கிறவர்கள் இங்கிருந்துதான் கிளம்புவார்கள். தேயிலைத் தோட்டம் முடங்கி வருஷக்கணக்காகிவிட்டது. ஃபாக்டரி துருப்பிடித்து நிற்கிறது. வெளியூர்ப் பையன்கள் பைக்கில் வந்து, துரை பங்களாவில் பேய் உண்டா என்று எட்டிப் பார்த்துப் போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள். லயத்து வீட்டுக் கட்டிலுக்கடியில் தகர ட்ரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார் இல்லை.

அதற்குள் இருப்பது பழைய ஜாக்கெட். கிழக்குப் பக்கமிருந்து மலையேறி வந்து கொழுந்து பறித்த பெண்கள் போட்டது. அமெரிக்கப் பெண்ணுக்கு உறைக்குள்ளிருக்கும் காகிதம் எதுவோ, நமக்கு அளவு ஜாக்கெட் அதுதான். டெய்லரிடம் போகும்போது துணியோடு சேர்த்து ஒரு பழைய ஜாக்கெட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போகிறோமே, "இதே மாதிரி, கழுத்து மட்டும் ஒரு விரல் ஏத்திருங்க" என்று சொல்கிறோமே, அதைவிடத் துல்லியமான பேட்டர்ன் உலகத்தில் எந்தக் கம்பெனியும் போட்டதில்லை. அது ஊருக்குப் பொதுவான உடம்புக்கு வெட்டியதல்ல. ஒருத்தியின் உடம்புக்கு வெட்டி, அவள் போட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டியது.

அக்கா மகளின் அப்பாவைப் பெற்ற ஆச்சியுடைய ஜாக்கெட் ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. வெளுத்துப்போன ஊதா டூ பை டூ, பிசிறு தட்டிய கழுத்து. புறம் திருப்பி உட்பக்கத்தைக் காட்டினேன். பழைய ஜாக்கெட்டை எப்போதும் உட்பக்கமிருந்துதான் படிக்க வேண்டும். பக்கத் தையலுக்கு வெளியே ஒன்றரை அங்குலம் துணி விட்டிருந்தார்கள். இன்றைய ரெடிமேடில் அரை அங்குலம் விட்டாலே பெரிசு. அந்த ஒன்றரை அங்குலத்தில் மூன்று கோடுகள் தெரிந்தன. உள்ளுக்குள் இருந்தது முதல் தையல். பிரித்துவிட்டதால் ஊசித்துளை மட்டும் வரிசையாக நின்றது. அரை அங்குலம் தள்ளி இரண்டாவது, அதுவும் பிரித்த தடம். இன்னும் அரை அங்குலம் தள்ளி மூன்றாவது, மெஷின் தையல் இல்லை, கையால் போட்டது, வேறு நிற நூல். ஒரு பக்கத் தையலை அரை அங்குலம் வெளியே தள்ளினால் முன்னும் பின்னுமாக 1 அங்குலம் கூடும். இரண்டு பக்கமும் சேர்ந்து 2. தைத்தபோது 32ஆக இருந்த ஜாக்கெட் பிறகு 34, அப்புறம் 36.

"ஆச்சி ஒரே ஜாக்கெட்ட மூணு சைஸா போட்டுருக்காவ!" என்றாள்.

ஆமாம். கல்யாணத்துக்கு முன்னால், முதல் பிள்ளைக்குப் பிறகு, அப்புறம் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அச்சுக் காகிதம் இந்தக் கதையைச் சொல்லாது.

இந்த ஜாக்கெட்டைப் பிரிக்காமலே காகிதத்தில் ஏற்றலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். மடித்த கம்பளியை மேஜையில் விரித்து, அதன்மேல் பிரவுன் ஷீட், அதன்மேல் ஜாக்கெட். கொக்கிகளைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் முன்பக்கம் ஒன்று, முதுகில் பாதி, ஒரு கை, இவ்வளவு போதும். முதலில் ஒவ்வொரு பாகத்திலும் பாவு நூல் போகும் திசையில் கலர் நூலால் ஓட்டுத்தையல் ஒன்று போட்டு, அதே கோட்டைக் காகிதத்திலும் இழுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த பேட்டர்னில் தைத்தால் ஜாக்கெட் உடம்பில் முறுக்கிக்கொள்ளும். பிறகு தையல் ஓடும் வழியில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குண்டூசியை நெட்டாகக் குத்திக்கொண்டே போகவேண்டும். ஊசி காகிதத்தில் துளை போடும். எடுத்த பிறகு துளைகளைப் பென்சிலால் சேர்த்தால் கோடு.

சிக்கல் டார்ட்டில் வரும். டார்ட் பிடித்த துணி தட்டையாகப் படியாது, குமிழாக எழும்பும். அமுக்கிப் படிய வைத்தால் அளவு கெட்டுப்போகும். அதற்கு ஒரு வழி உண்டு. டார்ட்டின் முனை, மார்பை நோக்கி முடிகிற அந்தப் புள்ளியில், ஓர் ஊசியை ஆழக் குத்தி நிறுத்துங்கள். டார்ட்டுக்கு ஒரு பக்கமுள்ள துணியைப் படிய வைத்து டார்ட் தையல் வரை குத்தி முடியுங்கள். இப்போது அந்த ஊசியை அச்சாக வைத்துத் துணியை மெல்லச் சுழற்றி, மறுபக்கத்தைப் படிய விட்டு, டார்ட் தையலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி தெரியும். அதுதான் டார்ட். தையலுக்குள் போய் மறைந்திருந்த துணி காகிதத்தில் வெளியே வந்துவிட்டது. அக்கா மகள் இந்த இடத்தில் டீயை ஆறவிட்டாள்.

முன்பக்கப் பக்கக்கோடும் முதுகின் பக்கக்கோடும் ஒரே நீளம்தானா என்று அளந்து பாருங்கள். அக்குள் குழியின் மொத்தச் சுற்றைவிடக் கைமேல் வளைவு அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருந்தால் எங்கோ குத்தியது தவறிவிட்டது. எல்லாம் சரி என்றால் தையலுக்குத் துணி சேர்த்து, சுற்றி ஒரு கோடு.

ஆச்சியின் ஜாக்கெட்டில் அக்குள் குழி இன்றைய ஜாக்கெட்டைவிட ஏறி, அக்குளை ஒட்டியே இருந்தது. ஒல்லியாக இருந்திருப்பார்கள் என்றாள் அக்கா மகள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்: குழி பெரிதாக இருந்தால் கை சுலபமாகத் தூக்கலாம் என்று. உண்மை தலைகீழ். குழி இறங்கியிருந்தால் கையும் உடம்பும் சேருகிற இடம் கீழே போய்விடும். கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் கூடவே ஏறி, இடுப்பு தெரியும். குழி அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் தனியாகத் தூக்கும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலே முதுகுக்கூடையில் போடுகிறவளுக்கு நாள் முழுக்க இதே வேலை. போதாததற்கு அக்குளுக்கடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரத் துண்டைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். யார் தைத்தாரோ, வேலை தெரிந்தவர். பேட்டர்னில் அந்தச் சதுரத்தையும் தனியாக வரைந்து வைக்கச் சொன்னேன்.

பேட்டர்ன் என்பது வெறும் அழகு விஷயம் இல்லை என்பதற்கு இந்த மண்ணைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் ஜாக்கெட்டின் வெட்டை அரசாங்கமே தீர்மானித்தது. மார்பை மறைக்க நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பலருக்கும் தெரியும். சட்டத்தின் வாசகம் எவ்வளவு தையற்காரத்தனமானது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1814இல் ரெசிடென்ட் கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான பெண்கள் மேலுடல் மறைக்கலாம் என்றார். எதிர்ப்பு வந்ததும், குப்பாயம் என்ற சட்டை போடலாம், மேல்சீலை கூடாது என்று ஆனது. 1829இன் அரச அறிவிப்பும் அதையே சொன்னது. மிஷனரிகளின் மனைவிமார், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட்டும் நெய்யூர்ப் பக்கம் திருமதி மீடும், இந்தப் பெண்களுக்கென்று தளர்ந்த ஜாக்கெட் ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார்கள். 26 ஜூலை 1859 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பு, எந்த மதத்து நாடார் பெண்ணும் ஜாக்கெட் போடலாம், அல்லது மீனவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்றது. யார் எப்படி மறைக்கலாம் என்பது வரைக்கும் அரச அறிவிப்பில்.

அந்தத் தளர்ந்த வெட்டைத் தையற்காரியாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். டார்ட் வேண்டாத வெட்டு என்றால் அளவெடுக்கும் வேலை குறைவு. ஒரே வெட்டு பல உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். வகுப்பில் இருபது பேருக்கு ஒன்றாகக் கற்றுக்கொடுக்கலாம். சண்டை நடக்கிற ஊருக்கு அதுதான் தோதான பேட்டர்ன். அதே மார்த்தா மால்ட் 1821 வாக்கில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடியில் அதே தொழிலை வளர்த்தார். தலையணை லேஸுக்கும் பேட்டர்ன் உண்டு: தடித்த தாளில் ஊசித்துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி, ஊசியைச் சுற்றி நூல். பட்டரிக் தொழிலில் இறங்குவதற்கு நாற்பது வருஷம் முன்பே நம் பெண்கள் துளைக்காகிதம் படித்தார்கள்.

சேர்க்க வேண்டிய இன்னொன்று ரெக்கார்டு நோட்டு. தமிழ்நாட்டு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் எழுதியவர்கள் வீட்டில் கட்டாயம் ஒன்று இருக்கும். கால் அளவில் வரைந்த பாடி, பாவாடை, பஃப் கை, காலர். பக்கத்தில் பொம்மைக்குத் தைத்ததுபோல ஒட்டிய துணி மாதிரி. தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறார்கள். வயிறு எரிகிறது. அதிலுள்ள கால் அங்குலத்தை ஓர் அங்குலமாக விரித்து வரைந்தால் 1970களின் வெட்டு முழு அளவில் கைக்கு வந்துவிடும். எந்த வெளிநாட்டு உறையும் பாவாடை தாவணிக்கு ஜாக்கெட் வெட்டக் கற்றுத்தராது.

எடுத்த பேட்டர்னை நல்ல துணியில் நேரடியாக வெட்டாதீர்கள். காடாத் துணியில் ஒன்று, பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். திருத்தத்தைக் காடாவிலேயே பேனாவால் கிறுக்கி, அதைக் காகிதத்துக்கு மாற்றுங்கள். பிறகு பாலராமபுரம் கைத்தறி வாங்கலாம். அதை நெய்யும் சாலியர்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பக்கமிருந்து அங்கே குடியேற்றப்பட்டவர்கள்தான்.

போனக்காட்டில் காகிதம் வைப்பது கஷ்டம். மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். மடித்து வைத்தால் மடிப்பில் பூஞ்சை, தரையில் வைத்தால் கரையான். தையற்கடைக்காரர்கள் செய்வதுபோல ஓரத்தில் ஓட்டை போட்டு, ஓர் உடுப்பின் பாகங்களை ஒன்றாகக் கயிற்றில் கோத்து, சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடுவதே நல்லது. ஒவ்வொரு துண்டிலும் எழுதுங்கள்: யாருடைய ஜாக்கெட், ஏறக்குறைய எந்த வருஷம், எந்தத் தையல் கோட்டில் எடுத்தது, தையலுக்குச் சேர்த்ததா இல்லையா.

"எந்தக் கோட்டுல எடுக்கட்டும் சித்தி? மூணுல எது?"

"நீ 36தான. மூணாவது கோட்டுல எடு. மத்த ரெண்டையும் புள்ளி போட்டு வரஞ்சுக்க. ஜாக்கெட்ட யாரும் வெலைக்குக் கேட்டா காகிதத்துல படி எடுத்துக் கொடு, துணியக் கொடுக்காத. பக்கத்துல ஒண்ணரை அங்குலம் விட மறந்துராத."